வாடாத சரக்கு

நான் காய்கறிக் கடைக்காரன் மகன், ஐயா. வாடின கத்தரிக்காய்க்குத் தண்ணீர் தெளித்து முன்னால் வைத்தால் அது காலையில் பறித்ததாகிவிடும் என்பது எங்கள் வீட்டில் பால்பல் முளைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

பிறகு கணினி படித்து, காணொளி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். எந்தக் காணொளி முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று கணக்கு எழுதுவது என் வேலை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை, வெளியாகி எவ்வளவு நேரமானது என்பதால் வகுக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் ஏறும், வயதானால் இறங்கும். அவ்வளவுதான்.

என் அக்காள் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். லாரிக்கு முன்னால் ஓடிய குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். யாரோ அதைப் படம்பிடித்து, லாரி வருகிற பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இழுத்ததை மட்டும் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று எங்கள் தளத்தில் போட்டுவிட்டார்கள்.

“மாப்ளே, உங்க கடைச் சரக்குதானே? தூக்கிப் போட்ரு.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்ல அத்தான். புகார் பொத்தானை அமுக்குங்க, பார்ப்பாங்க.”

அமுக்கினார். காணொளியை மறைத்துவைத்துச் சோதித்தார்கள். விதிமீறல் இல்லை என்று திரும்ப வெளியிட்டார்கள். என் கணக்கு அந்த நேரத்தையே பிறந்த நேரமாக எடுத்துக்கொண்டது. பார்வைகள் பழையவை, வயது புதிது. நேராக முதலிடம்.

தவறை அன்றே கண்டுபிடித்தேன். ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் முதல் வரிசைக்குக் கூட்டம் அள்ளிக்கொண்டிருந்தது. மேலாளர் எல்லார் முன்னிலும் என் தோளைத் தட்டியிருந்தார். விற்கிற சரக்கைச் சொத்தை என்று எந்தக் கடைக்காரன் கூவுவான்?

“மறுபடி வந்துருச்சே மாப்ளே. வெளிய போனா மொறைக்கிறாங்க.”

இனிப் புகார் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்.

“மறுபடி புகார் குடுங்க அத்தான்,” என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது.

அவர் அமுக்க அமுக்க அது பிறந்துகொண்டே இருந்தது. பழக்கமில்லாத தெரு ஒன்றில் அவரை அடையாளம் கண்டவர்கள் எதுவும் விசாரிக்கவில்லை. அடித்தார்கள். மருத்துவமனை வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னதத்தானேடா தம்பி செஞ்சாரு?” என்றாள். “விதிக்கா,” என்றேன். இதே வாயால்தான்.

அடித்தவர்களைப் பிடித்துவிட்டீர்கள். பாக்கி ஆள் நான்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் அந்த வரியைத் திருத்திவிட்டேன், ஐயா. யாரும் கேட்காமலே. அதையும் எழுதிக்கொண்டு, கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா பாருங்கள்.