ஆம்ப் மேல் போட்ட பழி

மாப்பிள்ளை: ...இல்ல மாமா, தலைகீழா நின்னாலும் ஒத்துக்க மாட்டேன். கிட்டார்ல தாடிக்காரர் முன்னாடி உங்க கண்ணாடிக்காரர் நிக்கவே முடியாது.

மாமனார்: ஏன், கால் வலிக்குமா?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாதீங்க. அட்டையில ஏணிப் படம் போட்ட அந்த ரெக்கார்டு... ரெண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஏழு ஏழா எண்ணுற தாளம். ஆர்கன் ஒரு பக்கம் இழுக்குது, டிரம்ஸ் ஒரு பக்கம் இழுக்குது. அதுக்கு நடுவுல புகுந்து ஒரு சோலோ வாசிக்கிறார் பாருங்க! ஒரு நோட்டாவது பிசகுதா?

மாமனார்: பிசகல. வீடு தீப்பிடிச்சா சாமானை அள்ளிக்கிட்டு ஓடுவோமே, அந்த மாதிரி இருக்கு. ஒண்ணையும் கீழ போடல, சரி. ஆனா மனுஷன் எதுக்கு அப்படி ஓடுறான்னு எனக்குப் புரியல.

மாப்பிள்ளை: அதுக்குப் பேருதான் மாமா வித்தை.

மாமனார்: இருக்கட்டும், இருக்கட்டும். இப்ப குடைப் படம் போட்ட ரெக்கார்டைப் போடுறேன். கண்ணாடிக்காரரைக் கேளுங்க.

மாப்பிள்ளை: கல்யாணமான நாள்லேர்ந்து, போன ரெண்டு மூணு வாரம் தவிர, சனிக்கிழமை தவறாம கேக்குறேன். மனப்பாடம்.

மாமனார்: மனப்பாடம் வேற, கேக்குறது வேற. முள்ளை வைக்கிறேன், சும்மா இருங்க... இதோ. பாட்டு தடதடன்னு ஓடிட்டு இருக்கு. திடீர்னு எல்லாரும் கையை எடுத்துடுறாங்க. ஆர்கன் மட்டும் ஈனஸ்வரத்துல...

மாப்பிள்ளை: சத்தத்தைக் கொஞ்சம் கூட்டட்டுமா?

மாமனார்: வேணாம் வேணாம். இதுவே போதும்.

மாப்பிள்ளை: நீங்களா மாமா? சுவர் அதிரணும்னு சொல்றவராச்சே.

மாமனார்: ...பக்கத்துல தூங்குறாங்க. இப்ப பாருங்க, வந்துட்டார். ஒரே ஒரு நோட். கம்பியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறார். அடுத்தது வருமா வராதா, நமக்கு மூச்சு முட்டுது...

மாப்பிள்ளை: எனக்குக் கொட்டாவி முட்டுது.

மாமனார்: உங்களுக்குப் பொறுமை கிடையாது, மாப்பிள்ளை. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் சொல்றேன். லிஃப்ட் வேகமா போறது பெரிசில்ல. எந்த மாடியில நிக்கணுமோ, அங்க அலுங்காம நிக்கணும். இவரு நிக்கிறாரு.

மாப்பிள்ளை: நின்னுக்கிட்டே இருக்காரு!

மாமனார்: டீ குடிங்க. ஆறுது.

மாப்பிள்ளை: என்ன மாமா, மூணு டம்ளர் இருக்கு?

மாமனார்: ஒண்ணு கூடப் போட்டுட்டேன். பழக்கதோஷம். எப்பவும் பாப்பாவும் வருவாளே.

மாப்பிள்ளை: ஆமா... அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. வரணும்னுதான் சொன்னா. முடியல.

மாமனார்: சனிக்கிழமையிலயுமா?

மாப்பிள்ளை: ஆமா, புது மேலதிகாரி வந்திருக்காரு. கொஞ்சம் கறார்.

மாமனார்: பாவம். நல்லா இருக்காளா?

மாப்பிள்ளை: நல்லா இருக்கா. காலையில கூட உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

மாமனார்: காலையிலயா?

மாப்பிள்ளை: ஆமா, கிளம்பும்போது.

மாமனார்: ம்... பாப்பா யாரு கட்சின்னு உங்களுக்குத் தெரியுமில்ல? என் கட்சி. கண்ணாடிக்காரர் கட்சி.

மாப்பிள்ளை: ஆரம்பத்துல அவளுக்கு வாசிக்கக் கத்துக்குடுத்தது நான் மாமா. தாடிக்காரரோட வேகத்தைத்தான் பழக்கிவிட்டேன். அவளா உங்க பக்கம் தாவிட்டா.

மாமனார்: குருவை விட்டுட்டு அப்பன் பக்கம் வந்துட்டாளா... ஆமா, உங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல எதை வாசிச்சா? நீங்க அதைப் பத்திச் சொல்லவே இல்லையே.

மாப்பிள்ளை: சொல்றதுக்கு என்ன இருக்கு... அதான், இதே குடை ரெக்கார்டு சோலோ.

மாமனார்: எப்படி வாசிச்சா?

மாப்பிள்ளை: நல்லாத்தான் ஆரம்பிச்சா. நடுவுல கிட்டாருக்குச் சத்தம் குடுக்குற ஆம்ப் போயிடுச்சு.

மாமனார்: ஐயோ.

மாப்பிள்ளை: பழைய ஆம்ப். என்ன பண்றது? அவளே மைக்ல சொல்லிட்டா, "மன்னிச்சுக்குங்க, ஆம்ப் மக்கர் பண்ணுது"ன்னு. எல்லாரும் கைதட்டி அனுப்பிட்டாங்க.

மாமனார்: அந்தக் கதவுப் பக்கம், துணி போத்தி வச்சிருக்கேனே, அது என்னன்னு எடுத்துப் பாருங்க.

மாப்பிள்ளை: எது... இது அவளோட ஆம்பாச்சே. இது எப்படி இங்க வந்துச்சு?

மாமனார்: பாப்பாதான் கொண்டுவந்து வச்சா. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். நீங்க சொன்னதையே சொன்னா. "ஆம்ப் போயிடுச்சுப்பா." அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.

மாப்பிள்ளை: ரிப்பேருக்கா...?

மாமனார்: அவ ரிப்பேர் பண்ணச் சொல்லல. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. பிரிச்சுட்டேன். வயர் வயரா பாத்தேன். ஈயம் பத்த வச்ச இடமெல்லாம் நகத்தால நிமிண்டிப் பாத்தேன். ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை. புதுசு மாதிரி பாடுது. போட்டுக் காட்டட்டுமா?

மாப்பிள்ளை: வேணாம் மாமா.

மாமனார்: அப்புறம் என்னதான் ஆச்சு? என் கவலையைச் சொல்லிடுறேன். கூட்டத்தைப் பாத்துப் பயந்து கை நின்னுபோச்சோ என் பொண்ணுக்கு? வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஆம்ப் மேல பழியைப் போடுறாளோ? வந்ததுலேர்ந்து... அதாவது, வந்துட்டுப் போனதுலேர்ந்து, கிட்டாரைத் தொட மாட்டேங்கிறா. ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மாப்பிள்ளை: வயர் லூசா இருந்திருக்கும்.

மாமனார்: வயரையும் பாத்தேன்.

மாப்பிள்ளை: ஹால்ல கரண்ட்டு ஏதாவது...

மாமனார்: மைக் வேலை செஞ்சிருக்கே. அதுலதானே மன்னிப்புக் கேட்டிருக்கா? மாப்பிள்ளை, அன்னைக்கு சவுண்டு யாரு பாத்தது?

மாப்பிள்ளை: நான்தான். ஆபீஸ்ல எனக்குத்தானே இதெல்லாம் தெரியும்? எதிர்ல மிக்சர் போர்டு போட்டு உக்காந்திருந்தேன்.

மாமனார்: அப்ப உங்களுக்குத் தெரியாம எதுவும் நடந்திருக்காது.

மாப்பிள்ளை: அந்த ரெக்கார்டு சுத்திக்கிட்டே இருக்கு மாமா. நிறுத்திடுங்க.

மாமனார்: நிறுத்திட்டேன். சொல்லுங்க.

மாப்பிள்ளை: ஆம்ப் சத்தம் அந்தப் போர்டு வழியாத்தான் ஹால் ஸ்பீக்கருக்குப் போகும். போர்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு குமிழ் இருக்கும். மேல தள்ளினா சத்தம் ஏறும். கீழ இழுத்தா இறங்கும்.

மாமனார்: லிஃப்ட் மாதிரி.

மாப்பிள்ளை: ஆமா... அவளோடதை நான் கீழ இழுத்துட்டேன்.

மாமனார்: கை தவறியா?

மாப்பிள்ளை: இல்ல.

மாமனார்: தெரிஞ்சேவா?

மாப்பிள்ளை: அவ நல்லதுக்குத்தான் மாமா. ரெக்கார்டுல இருக்கிற மாதிரி வாசிக்கல அவ. அந்த முதல் நோட்டைப் பிடிச்சா, விடவே இல்ல. கண்ணாடிக்காரர் பிடிச்சதைவிட ரொம்ப நேரம். அடுத்தது மறந்துபோச்சு போல, முழிக்கப் போறான்னு நெனச்சேன். ஆபீஸ் மொத்தமும் உக்காந்திருக்கு. மானம் போயிடக் கூடாதேன்னு...

மாமனார்: அடுத்தது அவளுக்கு மறந்துபோச்சா?

மாப்பிள்ளை: அப்படித்தான் இருக்கும்னு...

மாமனார்: மாப்பிள்ளை, நான் கேட்டது நீங்க நெனச்சதை இல்ல. காதால கேட்டதைச் சொல்லுங்க. நீங்க சோலோ கேக்குற ஆளு. எது தடுமாற்றம், எது நிதானம்னு தெரியாதவரா நீங்க? தடுமாறினாளா?

மாப்பிள்ளை: இல்ல.

மாமனார்: பின்னே?

மாப்பிள்ளை: நல்லா வாசிச்சா மாமா. அதான்... அவ்வளவு நல்லா வாசிச்சா. அந்த நோட்டைப் பிடிச்சு நிக்கிறா, ஹால்ல ஒரு நாற்காலி நகரல. தட்டுல ஸ்பூன் போடுற சத்தம் கூட நின்னுபோச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. கண்ணாடிக்காரரே இப்படி நிக்கலையேன்னு தோணுச்சு. இத்தனை வருஷமா உங்ககூட சண்டை போடுறேனே, அன்னைக்கு ஒரு நிமிஷத்துல தோத்துட்டேன்.

மாமனார்: அப்புறம் ஏன்யா...?

மாப்பிள்ளை: பக்கத்துல மேனேஜர் வந்து குனிஞ்சாரு. "என்னப்பா, உன்னைவிட உன் சம்சாரம்தான் கலைஞர் போலிருக்கே! உனக்கே அவங்கதான் கத்துக்குடுத்தாங்களா?"ன்னாரு. சுத்தி இருந்த நாலு பேரு சிரிச்சாங்க. விளையாட்டாத்தான் சிரிச்சாங்க. ஆபீஸ்ல கிட்டார்க்காரன்னா நான்தான் மாமா. விழாவுக்கு விழா நான்தான் வாசிப்பேன். இந்த வருஷம்தான் பெரிய மனசு பண்ணி அவளுக்கு விட்டுக்குடுத்தேன்...

மாமனார்: விட்டுக்குடுத்தீங்க.

மாப்பிள்ளை: அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். அவரு அதைச் சொன்னதும் கை தானா போயிடுச்சு. இல்ல... தானா போகல. நான்தான் இழுத்தேன். மெதுவா இழுத்தேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஏதாவது திட்டிடுங்க மாமா.

மாமனார்: வாயில வருது. முழுங்கிக்கிட்டிருக்கேன். அவ என்ன பண்ணினா?

மாப்பிள்ளை: சத்தம் இறங்க இறங்க அவ வாசிச்சுக்கிட்டே இருந்தா. கம்பியை மட்டும் தடவுற மாதிரி கீச்சுக்கீச்சுன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான். அப்புறம் நிறுத்தினா. ஆம்பைத் திரும்பிப் பாத்தா. மைக்ல வந்து மன்னிப்புக் கேட்டா. தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துச்சு எனக்கு.

மாமனார்: வீட்டுக்குப் போயாவது சொல்லியிருக்கலாமே?

மாப்பிள்ளை: சொல்லணும்னுதான் இருந்தேன்.

மாமனார்: சொன்னீங்களா?

மாப்பிள்ளை: கேக்காதீங்க மாமா, அதைச் சொன்னா நீங்க என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டீங்க.

மாமனார்: ஏற்கெனவே உள்ளதான் உக்காந்திருக்கீங்க. சொல்லுங்க.

மாப்பிள்ளை: அவளைத்தான் திட்டினேன். "ரெக்கார்டுல உள்ள மாதிரி வாசிச்சிருக்கணும். அப்படிக் கம்பியை இழுத்துப் பிடிச்சா எந்த ஆம்ப்தான் தாங்கும்? உன்னாலதான் போச்சு"ன்னு...

மாமனார்: அடப்பாவி!

மாப்பிள்ளை: அப்படி ஒரு ஆம்பும் போகாதுன்னு எனக்குத் தெரியும்.

மாமனார்: எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை: அவ என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டா. "இல்ல"ன்னேன். மறுநாள் கிட்டாரையும் ஆம்பையும் ரெண்டு புடவையையும் எடுத்துக்கிட்டுத் தோழி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. ஆபீஸ் வேலைன்னு நான் சொன்னது பொய் மாமா. புது மேலதிகாரியும் கிடையாது. காலையில உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னதும் பொய். அவ குரலைக் கேட்டே மூணு வாரம் ஆச்சு.

மாமனார்: தெரியும்.

மாப்பிள்ளை: தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நேரம் தாடிக்காரர், கண்ணாடிக்காரர்னு...

மாமனார்: வேற என்ன பேசுவேன்? நமக்குப் பேச வேற என்ன இருக்கு? இந்த ரெண்டு பேரும் இல்லன்னா, மாமனாரும் மாப்பிள்ளையும் வானிலை பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

மாப்பிள்ளை: எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு.

மாமனார்: என் முகத்தை விடுங்க. அவகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?

மாப்பிள்ளை: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? அவ இன்னும் ஆம்ப்தான் போச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கா. தன்னாலதான் போச்சுன்னு கூட நம்பியிருப்பா. அதனாலதானே கிட்டாரையே தொடலங்கிறீங்க? புருஷன்தான் கழுத்தை நெரிச்சான்னு தெரிஞ்சா தாங்குவாளா?

மாமனார்: அந்த மூணாவது டீ ஆறிப்போச்சு. எடுத்துட்டுப் போய் சூடு பண்ணி உள்ள குடுங்க.

மாப்பிள்ளை: உள்ளயா? உள்ள யாரு?

மாமனார்: பக்கத்துல தூங்குறாங்கன்னு சொன்னேனே. தூங்கல.

மகள்: இருக்கட்டும்ப்பா. ஆறினதே போதும், நானே வந்து எடுத்துக்கிறேன்.

மாப்பிள்ளை: நீ... நீ எப்பலேர்ந்து அங்க...?

மகள்: தாடிக்காரர் முன்னாடி கண்ணாடிக்காரர் நிக்க முடியாதுன்னீங்களே, அதுக்கு முன்னாடியே.

மாப்பிள்ளை: எல்லாத்தையும் கேட்டியா?

மகள்: கதவு தொறந்துதான் இருந்துச்சு.

மாமனார்: பாப்பா, எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லு. பயந்து நிக்கலையே நீ?

மகள்: இல்லப்பா. எனக்குப் பயமே இல்ல அன்னைக்கு.

மாமனார்: அது போதும். நான் மாடிக்குப் போறேன்.

மகள்: இருங்கப்பா. உக்காருங்க.

மாப்பிள்ளை: உனக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு... எப்படி மன்னிப்புக் கேக்குறதுன்னே எனக்குத் தெரியல. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்குறேன். திட்டு. போன்னு சொன்னா போயிடுறேன்.

மகள்: இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு யாரு சொன்னா?

மாப்பிள்ளை: பின்னே?

மகள்: மேடைக்கு நேர் எதிர்லதானே போர்டு போட்டிருந்தீங்க? வாசிக்கும்போது உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு பாக்க.

மாப்பிள்ளை: பாத்தியா... கையை?

மகள்: கையையும் பாத்தேன். அது மெதுவா இறங்குறதையும் பாத்தேன்.

மாப்பிள்ளை: அப்ப மைக்ல... ஆம்ப் மக்கர் பண்ணுதுன்னு நீதானே முதல்ல சொன்னே? நான் சொல்லலையே, நீதானே சொன்னே!

மகள்: அத்தனை பேரும் உங்க பக்கம் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. வேற என்னதான் சொல்லியிருப்பேன்?