மீன் இல்லாத கடல்

— இதனால் இவ்வில்லத்தின் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், வருகிற சனி, ஞாயிறு ஆகிய இரு தினங்களிலும், கோயிலும் கடற்கரையும் ஒருங்கே அமைந்த, முற்றிலும் சைவமான ஒரு சிற்றுலா நடைபெறும். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம்.

— சகலரும்னா நானும் என் தம்பியும்தானேங்க? அதுக்கு எதுக்கு மேடையேறின குரல்? சங்கத்துச் செயலாளர் வேலையில இருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பி நாலு வருஷமாச்சு.

— பதவிக்குத்தான் ஓய்வு. எனக்கில்லை. மச்சான், நீ வேன் ஓட்டுறவன். உன்னைப் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவரா நியமிச்சிருக்கேன்.

— குழுவுல வேற யார் அத்தான்?

— நீ மட்டும்தான்.

— அப்ப போட்டியில்லாம ஜெயிச்சுட்டேன்.

— டேய், அவர் வாயைக் கிளறாதே. ஏங்க, திங்கக்கிழமை எனக்கு முட்டியில ஆபரேஷன். அப்புறம் ஆறு மாசம் மணல்ல கால் வெக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அலையில கணுக்கால் நனையணும். அதுக்குப் போய் உலா, சிற்றுலான்னு...

— பொறு. எதையும் முறைப்படி செய்யணும். முதல் நாள் காலையில கோயில். மதியம் நடை சாத்திடுவாங்க. அந்த நேரத்தை வீணாக்காம, கடற்கரை.

— மொட்டை வெயில்லயா? கால் நனையாது, வெந்துரும்.

— சாயங்காலம் மணல் ஆறிடும்.

— அப்ப போலாமே!

— அப்ப அடுத்த கோயில் நடை திறந்துடும்.

— சரிதான் போங்க.

— சாமியையும் கடலையும் ஷிஃப்ட் மாத்திப் போட்டுட்டாரு அக்கா.

— சாப்பாட்டு விவகாரத்துக்கு வருவோம். மச்சான், கடலோரத்து ஓட்டல்களை விசாரிக்கச் சொன்னேனே?

— ஃபோன் பண்ணிட்டேன் அத்தான். எல்லா இடத்துலயும் சைவம் உண்டுன்னாங்க.

— அங்கேதான் சூட்சுமம் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே கரண்டியா, தனித்தனிக் கரண்டியா?

— முதலாளிதான் பேசினாரு. கரண்டி லைன்ல கிடைக்கலை.

— விளையாடாதே. கொள்கை ரீதியா சொல்றேன். கடற்கரை வேணும், மீன் வாடை கூடாது.

— கடலுக்குச் சொல்லி அனுப்பறேன் அத்தான். சனி, ஞாயிறு மீனுக்கெல்லாம் லீவு விட்டுறட்டும்.

— கடல்தான் மீனுக்குப் பிறந்த வீடுங்க. அதை எங்க போகச் சொல்றீங்க?

— அதனாலதான் மாற்று ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஸ்டவ், குக்கர், அரிசி, பருப்பு எல்லாம் வேன்லயே வரும். சமையல் குழுவுக்குத் தலைவி, நீ.

— இது கடல் பாக்கப் போறதா, குடித்தனம் மாத்தறதா? என் கால் நனையத்தான் போகுது, பாத்திரம் கழுவற தண்ணியில.

— ஆட்சேபணை பதிவாயிடுச்சு. ஆமா, அந்த ஜன்னலை யார் திறந்தது? பாரு, நாத்தம்! இரைச்சல் வேற. நான் பேசறது எனக்கே கேக்கலை.

— எங்களுக்குக் கேக்குது அத்தான். அது போதாதா?

— நான்தான் திறந்தேன். ஒரு விரல் அகலம். காத்து வரட்டுமேன்னு.

— காத்தா அது? போன வருஷம் அடிச்ச பெயிண்ட், அதுக்குள்ள கம்பியெல்லாம் துரு. சாத்து, சாத்து.

— சாத்தியாச்சு. நீங்க கூட்டத்தை நடத்துங்க. பால் தீந்துபோச்சு, நான் போய் வாங்கிட்டு வரேன்.

— அந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீ எதுக்கு? மச்சான் போவான்.

— போக்குவரத்துத் தலைவரே எழுந்து போயிட்டா கூட்டம் கலைஞ்சுராதா? குடையை ஊனிக்கிட்டு மெதுவாப் போறேன்.

— வலது பக்கமாப் போ. இடது பக்கம் திரும்பிடாதே, மீன்காரங்க கூடை பரப்பியிருப்பாங்க.

— இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இதைச் சொல்றீங்க. வரேன்.

— ...அத்தான், அக்கா படி இறங்கிட்டாங்க. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். அவங்க கேட்டது ஒரு கணுக்கால் தண்ணி. அதுக்கு ஏன் இத்தனை தடபுடல்? பக்கத்துலயே...

— பக்கத்துல இருக்கிறதெல்லாம் பயணம் ஆகாது மச்சான். உனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல அவகிட்ட சொன்னேன், அலையில உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னு. அப்ப சங்கத்துல தேர்தல் வந்துது. அப்புறம் தணிக்கை. அப்புறம் ஆண்டுக் கூட்டம். அவ திரும்பக் கேக்கவே இல்லை.

— அக்கா கேக்க மாட்டாங்க.

— இப்ப முட்டியில கத்தி வெக்கப் போறாங்கன்னதும் கேக்கறா. இத்தனை நாள் காக்க வெச்சவளை ஏதோ ஒரு கடல்ல கொண்டுபோய் நிறுத்திட முடியுமா? நல்ல கடலா இருக்க வேண்டாமா?

— நல்ல கடல்னா எப்படி அத்தான்?

— சுத்தமா, அமைதியா... ஒரு மரியாதை தெரிஞ்ச கடலா.

— கடல் என்ன உங்க சங்கத்து உறுப்பினரா, எழுந்து நின்னு வணக்கம் சொல்ல?

— உனக்கு எல்லாம் கேலிதான். சரி, கிளம்பற நேரத்தைத் தீர்மானம் போடுவோம். ஆமா, பாலுக்குப் போனவளை இன்னும் காணலையே? கடை தெருமுனையிலதானே இருக்கு?

— ஃபோன் போட்டுப் பாருங்க. ஸ்பீக்கர்ல வைங்க, நானும் கேக்கறேன்.

— ஹலோ! எங்கே இருக்கே நீ? என்ன அங்கே ஒரே இரைச்சல்?

— கடல்லங்க.

— என்னது?

— கடல்ல நிக்கறேன். கணுக்கால் நனைஞ்சாச்சு. புடவையும் பாதி நனைஞ்சாச்சு. குடைதான் அலையோட போயிருச்சு.

— குடை போனா போகட்டும், ஊன்றதுக்கு என்ன பண்ணுவே? தனியாவா நிக்கறே? அலை இழுத்துறப் போகுதுடி! பின்னால வா! அசையாதே!

— வரட்டுமா, அசையாம நிக்கட்டுமா?

— நில்லு! நான் வரேன். நான் வந்து கையைப் பிடிச்சுக்கறேன்.

— வாங்க. ஆனா இங்க மீன் வாடை அடிக்குதுங்க.

— அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்! மச்சான், வேனை எடு! எந்தக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தாளோ!

— வேன் எதுக்கு அத்தான்? அந்த ஜன்னலைத் திறங்க. அக்கா நிக்கறது தெரியும்.