அண்ணி தந்த ஈறு

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அடுத்தவர் வாய்க்குள் ஆயுளைக் கழிக்கும் பல் மருத்துவப் பெருமக்களே, பிள்ளைகளைப் பல் துலக்க வைத்தே குரல் தேய்ந்துபோன தாய்மார்களே, தேநீர் வரும் வாசலையே பார்த்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பல் தெரிந்த, பணிவான வணக்கம்.

பல்லைப் பாடியவர்கள் உண்டு. முத்து என்றோம், முல்லை என்றோம். அந்த முத்துக்களை முறையாகப் பிடித்து நிறுத்தும் ஈற்றை யாராவது ஏறெடுத்துப் பார்த்தோமா? இரத்தம் வந்தால் பதறுவோம்; நின்றால் மறப்போம். அந்த ஈற்றில் வரும் புண்ணை இலையும் வேரும் பழத்தோலும் ஆற்றுமா என்று சோதிப்பதே எங்கள் ஆய்வகத்தின் வேலை.

சோதிக்க ஈறு வேண்டுமே, கடையிலா கிடைக்கும்? என் அண்ணி தந்தார். கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று, தூக்கி எறிய வேண்டிய அரிசியளவு சதையை எங்களுக்கு அளித்தார். ஊட்டநீரில் வளர்த்தோம். செல்கள் பெருகி, தட்டில் பாய் விரித்ததுபோல் படர்ந்தன. அந்தப் பாயின் நடுவே கூர்முனையால் ஒரு கோடு கீறுவோம், அதுதான் புண். மருந்து ஊற்றுவோம். இரு கரைச் செல்களும் நகர்ந்து வந்து கோட்டை மூடினால் வெற்றி.

தினமும் அண்ணி தொலைபேசியில் விசாரிப்பார்: "தம்பி, என் ஈறு சாப்பிட்டுச்சா?"

சிரிக்காதீர்கள் ஐயா, நானும் "சாப்பிட்டுச்சு அண்ணி" என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஆறு தாவரங்கள், ஆறு மாதங்கள், ஆறும் தோல்வி. ஊற்றிய இடமெல்லாம் செல்கள் சுருண்டு செத்தன. உறைபெட்டியில் சேமித்த அண்ணியின் செல்களில் எஞ்சியது ஒரே ஒரு குப்பி. அழாத குறையாக அண்ணியிடம் சொன்னேன்.

"இலையை எதுல கரைக்கிறீங்க?"

"சாராயத்துல அண்ணி. அப்பதான் சத்து இறங்கும்."

"என் ஈறுக்கு அந்தப் பழக்கம் இல்லையே தம்பி. வெறும் சாராயத்தை மட்டும் ஊத்திப் பாத்தீங்களா?"

பார்த்தோமா? படித்தவர்கள் நாங்கள், பட்டம் பெற்றவர்கள் நாங்கள், பார்க்கவே இல்லை! இலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். இலையைச் சுமந்து வந்த சாராயத்தைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டோம்.

கடைசிக் குப்பியைத் திறந்து, செல்களை இரு தட்டில் வளர்த்துக் கோடு கீறினோம்; இம்முறை சாராயத்தை விலக்கினோம். ஒரு தட்டில் வெறும் தண்ணீர்; மறு தட்டில் தண்ணீரில் காய்ச்சிய மாதுளைத்தோல். மறுநாள் காலை நுண்ணோக்கியில் குனிந்தேன். தண்ணீர்த் தட்டில் கோடு அப்படியே கிடந்தது. தோல் ஊற்றிய தட்டில் கோட்டைக் காணோம். கரையிலிருந்து கரைக்குக் கடந்து வந்து, கைகோத்துக் கலந்து நின்றன செல்கள். வெள்ளை அங்கியோடு மேசையைச் சுற்றி ஆடினேன், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் வரிசை ஐயா, மாதுளைத்தோல் தேடி இப்போதே எழுந்துவிடாதீர்கள். இது தட்டில் நடந்தது; வாயில் நடக்கவில்லை. "சந்தேகம்" என்று நாங்கள் செல்லமாக அழைக்கும் எங்கள் துறைத்தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னார்: "ஒரு தடவை மூடினா அது அதிர்ஷ்டம். மறுபடி மூடட்டும், நம்புறேன்."

மறுபடிக்குச் செல் ஏது? அண்ணிக்கோ பல் நாற்காலி என்றால் நடுக்கம். பிடுங்கச் சொன்ன இன்னொரு பல்லை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தவர். நான் கேட்கவில்லை, கேட்க மனம் வரவில்லை.

அவையோரே, முதல் வரிசையில் கன்னம் வீங்க அமர்ந்திருக்கிறாரே, அவரைப் பாருங்கள். இன்று காலை, யாரிடமும் சொல்லாமல், தானே போய் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அறிவு எங்கள் பட்டத்திலா இருந்தது? துணிவு எங்கள் தட்டிலா இருந்தது? இரண்டும் அங்கே இருக்கின்றன, வாயில் பஞ்சோடு.

பேச முடியாததால் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "இந்தத் தடவையாவது மொதல்லேயே தண்ணியில கரைங்க."

கரைக்கிறோம் அண்ணி. செவி தந்த சபைக்கு நன்றி; சதை தந்த தாய்க்கு என் வணக்கம்.