முற்றுப்புள்ளி அக்கா முடிக்காமல் போன செய்தி

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, செயலி என்றாலே பயப்படும் செயலாளர் அவர்களே, கண்ணை மூடினால் தூங்கிவிடுவோம் என்று மூடாமலே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரரான பேருந்து ஓட்டுநர் அண்ணன் அவர்களே, ரத்த தானச் சங்கத்து உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்தச் சங்கத்துக்கு இணையத்தில் படம் செய்து போடும் பதினேழு வயதுக்காரி நான். "ஏதாவது குறும்பு பண்ணினா மைக்கைப் பிடுங்கிடுவேன்" என்று சொல்லித்தான் தலைவர் மேடையேற்றினார். ஐயா, இன்றைக்குக் குறும்பு பண்ணக்கூடத் தெம்பில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே கைபேசி எண்ணோடு, இந்தச் சங்கத்தின் குரலாக இருந்த நம் தகவல் தொடர்புப் பொறுப்பாளர் நம்மை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். அவருக்கு முற்றுப்புள்ளி அக்கா என்று ஏன் பெயர் வைத்தோம்? "ரத்தம் தேவை" என்று அனுப்ப எல்லோருக்கும் தெரியும். "கிடைத்துவிட்டது, இனி வர வேண்டாம், நன்றி" என்று அனுப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? அக்காவுக்கு இருந்தது. முதல் செய்தி எத்தனை குழுவுக்குப் போனதோ, அத்தனைக்கும் இரண்டாவது செய்தி போகும். அதுவரை சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்.

"ஒருத்தரு வேலைய விட்டுட்டு பஸ் ஏறி வந்து நிப்பாரு. வேணாம் போங்கன்னு சொன்னா, அடுத்த தடவ வருவாரா?" என்று கேட்பார். நம் செய்தியை நம்பி ஜனங்கள் எழுந்து வந்தது அதனால்தான். என் படங்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று நான் ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் தலைவர் படத்துக்கு இரண்டு கோரைப்பல் வரைந்து, "எனக்கும் கொஞ்சம் கொடுங்களேன்" என்று எழுதி, தோழிகளுக்கு அனுப்புவதாக நினைத்துச் சங்கத்தின் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். அழிப்பதற்குள் பரவிவிட்டது. மறுநாள் அறுபத்தொரு பேர் புதிதாகப் பெயர் கொடுத்தார்கள். தலைவர் என்னை நீக்கச் சொன்னார்.

"நீக்கிட்டா அந்த அறுபத்தோரு பேருக்கும் யாரு தலைவரே போன் போட்டு நன்றி சொல்றது? அவளுக்குத்தான் வாய் நீளமாச்சே, அவளே பேசட்டும்" என்றார் அக்கா.

மூன்று நாள் பேசினேன். நாற்பதாவது ஆளோடு என் நக்கலெல்லாம் தீர்ந்துபோனது. அக்கா இதைப் பன்னிரண்டு வருடம் செய்திருக்கிறார்.

அக்கா போன அன்று காலை ஒன்பது மணிக்கு, பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று அக்கா செய்தி அனுப்பினார். பத்தரைக்குள் கொடுக்க ஆள் வந்துவிட்டது. பதினோரு மணிக்கு, மருத்துவமனை வாசலில், கைபேசியைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. இரண்டாவது செய்தி போகவில்லை.

நாமாவது அனுப்பினோமா? அவருடைய இரங்கல் படத்துக்கு இருபது வகை எழுத்து மாற்றிப் பார்த்தேன். இது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தச் செய்தி இன்னும் சுற்றுகிறது. பரப்பியவர்கள் தேதியை வெட்டிவிட்டார்கள். தினம் நாற்பது பேர் அக்காவின் எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள். எடுப்பது யார்? இதோ, இந்த அண்ணன். நேற்று அவர் வீட்டில் அரை மணி நேரம் இருந்தேன். ஆறு அழைப்பு.

"கிடைச்சிருச்சுங்க. அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்க. ரொம்ப நன்றிங்க."

"அணைச்சு வச்சிட்டுத் தூங்குங்கண்ணே" என்றேன்.

"நெசமாவே யாருக்காச்சும் வேணும்னு வந்தா?" என்றார்.

ஆறாவது ஆள் அக்காவிடமே பேச வேண்டும் என்றார். அண்ணன், "வெளிய போயிருக்காங்க" என்றார்.

திங்கட்கிழமை இவர் விடுப்பு முடிகிறது. இந்தக் கண்களோடு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவார்? நாளையோடு அந்த எண்ணை முடக்கிவிட்டு, தானாகப் பதில் சொல்லும் புது எண் வாங்கப் போவதாக நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. தலைவரே, பன்னிரண்டு வருடமாக இந்த ஊரே தன் போனில் பதிந்து வைத்திருக்கும் எண் அது. ஆபத்தில் கூப்பிடுகிறவருக்கு இயந்திரம் பதில் சொல்லலாமா? முடக்க வேண்டாம். நாங்கள் ஏழு பேர் பேசி வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு நாள். அக்காவைப் போலச் செய்வோமா, தெரியாது. ஆனால் எடுப்போம். ஒவ்வொரு செய்தியையும் முடித்துவைப்போம். இன்றைக்கு என் முறை. அண்ணே, போனை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் எல்லோரும் கைபேசியை எடுங்கள். அந்த ஓ நெகட்டிவ் செய்தியை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ரத்தம் கிடைத்துவிட்டது. தாயும் சேயும் நலம். இனி யாரும் வர வேண்டாம். நன்றி.

கீழே இன்றைய தேதியைப் போடுங்கள். தயவுசெய்து யாரும் அதை வெட்டாதீர்கள்.