கைசுவின் கையெழுத்து

— காகிதத்தை வெளியிலேயே வச்சுட்டு வா ஓஸ்மோ. இந்தச் சௌனா அறைக்குள்ள கொண்டுவந்தா நீராவியில நமுத்துப் போயிடும்.

— வச்சுட்டேன். நீ கையெழுத்து மட்டும் போட்டா போதும் கைசு. 'என் புருஷன் கால் மணி நேரம் யோசனை எதுவும் சொல்லாம நான் சொன்னதைக் கேட்டார்'னு அதுல அச்சடிச்சே இருக்கு.

— கேக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல என்னைக்காவது நான் சொன்னதைக் கேட்டிருக்கியா?

— நான்தான் வாயே திறக்கறதில்லையே. அப்புறம் கேக்காம வேற என்ன பண்ணினேன்?

— பேசாம இருக்கறதும் கேக்கறதும் ஒண்ணா? சுவருந்தான் பேசாம இருக்கு.

— சரி, விடு. வர்ற செவ்வாய்க்கிழமை அதைக் குடுக்கலைனா மர ஆலையில மேஸ்திரி வேலை எனக்கு இல்ல. மேனேஜர் கறாராச் சொல்லிட்டார். என் ஷிஃப்டுல மூணு பேர் வேற ஷிஃப்டுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டுட்டாங்களாம். மனுஷங்ககூடப் பழகக் கத்துக்கிட்டு வாய்யான்னு வகுப்புக்கு அனுப்பிட்டார்.

— அம்பத்தேழு வயசுல உணர்ச்சி வகுப்பு! அந்த வட்டப் படத்தை வேற ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்க. அதுல நாப்பது உணர்ச்சி இருக்கு. உனக்குத் தெரிஞ்சது ரெண்டு. பசி, தூக்கம்.

— அது ரெண்டும் உணர்ச்சியில சேராதாம். டீச்சரம்மா சொல்லிட்டாங்க.

— சிரிக்க வைக்காத, எனக்குத் தெம்பில்ல. சனிக்கிழமையும் அதுவுமா நிம்மதியா வேர்த்து விறுவிறுக்கலாம்னு வந்தேன். இதை ஏன் சமையலறையில கேக்கக்கூடாது?

— இங்க யாரும் சண்டை போட மாட்டாங்கல்ல. உங்கம்மாவே சௌனாவுக்குள்ள வந்தா அடங்கி உக்காருவாங்க.

— அடப்பாவி! நான் கத்தக்கூடாதுன்னு கணக்குப் போட்டுத்தான் கூட்டிட்டு வந்தியா?

— மணல் கடிகாரத்தைத் திருப்பிட்டேன். சொல்லு. உனக்கு எப்படி இருக்கு?

— எப்படி இருக்கும்? முதுகு வலிக்குது.

— மெத்தை பழசாயிடுச்சு. திங்கக்கிழமை புதுசு பாத்துடலாம்.

— கடிகாரத்தைத் திருப்பு.

— எதுக்கு?

— யோசனை சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன? முதல்லருந்து ஆரம்பி.

— சரி, விடு. திருப்பிட்டேன்.

— அசதியா இருக்கு. தூங்கி எந்திரிச்சாலும் அசதிதான்.

— மார்ச் மாசம்ல, வெயிலே காணோம். அந்த வைட்டமின் மாத்திரையை...

— திருப்பு.

— கைசு, இது மரம் அறுக்கறதைவிடக் கஷ்டமா இருக்கு.

— பாரு, பாரு, கரண்டியைத் தூக்கிட்ட. பேச்சு ஓடலைன்னா அடுப்புல காயற கல்லு மேல தண்ணியை ஊத்திடறது. புஸ்ஸுன்னு ஆவி கிளம்பினதும் பேச்சு அடங்கிடும். முப்பத்தொரு வருஷமா இதே கதைதான்.

— கீழ வச்சுட்டேன். வாளியையும் தள்ளி வச்சுட்டேன். சொல்லு.

— நிஜமாத்தான் கேக்கறியா?

— ம்.

— நான் பாத்துக்கற வயசானவங்கள்ல சைமின்னு ஒரு அம்மா இருக்காங்க. தொண்ணூறு வயசு, ஒத்தையா இருக்காங்க. எங்களுக்கு ஒரு வீட்டுக்குப் பதினாலு நிமிஷம். நுழையும்போது போன்ல தட்டணும், வெளிய வரும்போது தட்டணும். ஒரு நாள் கஞ்சியைக் கொட்டிட்டாங்க. அப்பத்தான் மாத்தின படுக்கை மேல. நான் கத்திட்டேன்.

— ம்.

— சும்மா இல்ல, தொண்டை கிழியக் கத்தினேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுக்கோம்மா, இனிமே கொட்ட மாட்டேன்னாங்க. அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க ஓஸ்மோ. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

— ம்.

— ஏதாவது சொல்லேன்.

— மணல் இன்னும் இருக்கு.

— நான் வேலைக்குப் போறதில்ல. மூணு வாரமாச்சு. டாக்டர் லீவு எழுதிக் குடுத்துட்டாங்க. காலையில யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு, டப்பாவுல ரொட்டி வச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பறேனே, எல்லாம் பொய். ஒரு இடத்துல போய் உக்காந்துட்டுச் சாயங்காலம் வந்துடறேன்.

— ம்.

— உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டியா? சொன்னா அன்னிக்கே சரி பண்ணப் பாப்ப, கதவுக் கீலைச் சரி பண்ற மாதிரி. என்னை யாரும் சரி பண்ண வேணாம். என்னால முடியல. அவ்வளவுதான்.

— எனக்குப் பயமா இருக்கு கைசு.

— என்ன சொன்ன?

— பயம். அந்தப் படத்துல மேல இருந்து மூணாவது.

— இத்தனை வருஷத்துல உன் வாயிலருந்து இந்த வார்த்தை வந்ததே இல்ல. உன் அப்பா சாகக் கிடந்தப்பகூட வரல.

— மணல் தீந்துடுச்சு.

— அது தீந்து ரொம்ப நேரமாச்சு. நீ ஒரு யோசனைகூடச் சொல்லல. வெளிய போனதும் பேனாவை எடு, கையெழுத்துப் போடறேன். உன் வேலையாவது தப்பிக்கட்டும்.

— ஒரே ஒரு யோசனை சொல்லிக்கவா?

— சொல்லித் தொலை.

— திங்கக்கிழமை அந்த நீச்சல் குளத்துக் காபிக் கடைக்குப் போனா ஜன்னலோரம் உக்காராத. குளிர் அடிக்கும்.

— நான் எந்த இடம்னு சொல்லவே இல்லையே.

— ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மோட்டார் ரம்பத்துக்குச் சங்கிலி வாங்கப் போனேன். வழியில அந்தக் காபிக் கடை வாசல்ல உன் கார் நின்னுச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன். கோட்டைக்கூடக் கழட்டாம, காலி கப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த.

— பாத்துட்டு உள்ள வரலையா நீ?

— வந்து என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஆலையில யாரும் என்னை எந்த வகுப்புக்கும் அனுப்பல கைசு. அன்னிக்கே நானாப் போய்ச் சேந்துட்டேன்.