இரண்டாவது இலை

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் இருக்கும். காஜா பெராங் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“ராணி, எனக்கே படையல் போட்டுட்டேன்.”

“உயிரோடவா? பைத்தியமாக்கா?”

“என் மவன் லண்டன்ல கம்ப்யூட்டர் வேலை. உடைஞ்ச ராக்கெட்டுத் துண்டு வானத்துல எங்க சுத்துதுன்னு கணக்குப் போடுற மிஷின். அதுலயே மழையையும் கடலையும் கொடுத்து, கடலோரம் இருக்கிற நம்ம உஜோங் பாசிர்ல பிற்காலத்துல எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டிருக்கான். தண்ணி ஏற ஏற ஜனம் குறைஞ்சு, கடைசியில ஒருத்தரும் இல்லையாம்.”

“அந்த மிஷின் நம்ம ஊரை, இந்தக் கம்பத்தை எங்கக்கா கண்டுச்சு?”

“அப்புறம் எனக்கு யாரு படைப்பா? அதான் வீட்டுக்காரர் திதிக்கு இலை போடுறப்ப பக்கத்துல எனக்கும் ஒண்ணு போட்டேன். செத்தவங்க வந்து சாப்பிடட்டும்னு கதவைச் சாத்திட்டு வெளியில நின்னோம்.”

“திறந்தா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். நான் முன்னால் சாய்ந்தேன்.

“அவரு இலை அப்படியே இருந்துச்சு. என் இலையில சோறு குறைஞ்சிருந்துச்சுடி.”