அடுப்பு மேல ஒரு அகலச் சட்டி

விக்கிறதுக்கில்லீங்க. இன்னொருக்கா கேட்டாலும் அதே பதில்தான். இந்த மண்டி மொஹல்லாவுல லிங்கப்பன் பழைய சாமான் கடையில விக்காத சாமான்னு ஒண்ணு இருக்குதுன்னா, அது மாடியில எரியற அந்த விறகு அடுப்பு. வேற எதை வேணும்னாலும் பேரம் பேசுங்க. அந்த ஃபேனு, இரும்பு பீரோ, நான் உக்காந்திருக்கற ஸ்டூலு. அதை மட்டும் விட்டுருங்க.

அடுப்பு விலைக்கு இருக்குதுன்னு போன் பண்ணிச் சொன்னாங்களா? பக்கத்துக் கடை செந்தில்நாதனாத்தான் இருக்கும். அவனுக்கு இதே பொழப்பு. நான் கடையைக் காலி பண்றேன்னு போன மாசம் தெருவெல்லாம் சொல்லிட்டான், சட்டையைப் புடிச்சுட்டேன். நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உங்க மேல கோபமில்ல, என்ற குரலே அப்படித்தான். பேரு என்ன சொன்னீங்க, சுதர்ஷன். ஹெப்பாள்ல கம்பெனி வேலை, மடிக்கேரிப் பக்கம் ஹோம்ஸ்டே. சரி உக்காருங்க சார், டீ வருது.

ஆமாங்க, அந்த அடுப்போட புகைக் குழாய்தான். சுவத்துல ஓட்டை போட்டு வெளிய விட்டிருக்கறேன். மைசூர்ல எவன் வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டிக் குளிர் காயறான்னு தெருவே சிரிக்குது. சிரிக்கட்டும். என்ற வீட்டுக்காரிக்குக் குளிருதுங்க. சொர்ணலதான்னு பேரு. ரத்தத்துல நோவு. எத்தனை கம்பளி போத்தினாலும் பல்லு அடிச்சுக்கும். கரண்டு ஹீட்டர் வெச்சேன், அந்தச் செவந்த கம்பியைப் பாத்தாக் கண்ணு எரியுதுன்னா. அப்பத்தான் கொடகுல ஒரு எஸ்டேட் பங்களாவை இடிச்சாங்க. வார்ப்பிரும்பு அடுப்பு, கண்ணாடிக் கதவு. அரை நாள் கத்திப் பேரம் பேசி லாரியில போட்டுட்டு வந்தேன். விக்கத்தான் வாங்கியிருக்கறேன்னு அவ நெனைச்சிருக்கா. நாலு ஆளு புடிச்சு மாடிக்கு ஏத்தினப்ப அவ மொகத்தை நீங்க பாத்திருக்கணும்.

நல்லாத்தான் எரிஞ்சுது. ஒரு வாரம் போகல, உதடு வெடிச்சுது, தொண்டை வறண்டுது, ஒருநாள் காலையில பாத்தாத் தலகாணியில மூக்கு ரத்தம். எங்க ஹனூர்ப் பக்கம் மூக்குல ரத்தம் வந்தா என்னம்பாங்க? உடம்பு சூடும்பாங்க. நானும் தலைக்கு விளக்கெண்ணெய் வெச்சேன், மோரு குடுத்தேன், எளநீரு வெட்டினேன். அதெல்லாம் உள்ள போனதும் அவளுக்கு நடுக்கம் எடுத்துக்குச்சு. நடுங்கறாளேன்னு இன்னும் ரெண்டு கட்டையை உள்ள தள்ளினேன். மறுக்கா ரத்தம். மறுக்கா மோரு. மறுக்கா கட்டை.

நோவு முத்திப்போச்சுன்னுதான் நெனைச்சேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, அங்க போய் ஒரே சத்தம். ஒரு நர்சம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ரூம்ல என்ன வெச்சிருக்கறீங்கன்னு கேட்டாங்க. அடுப்புன்னேன். அப்பச் சூடு உடம்புல இல்ல, காத்துல ஈரமில்லைன்னாங்க. அடுப்பு மேல தண்ணி வைங்கன்னாங்க. சார், அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியல. அவளுக்கு இருக்கறதுலயே, தண்ணி வெச்சாத் தீருற கஷ்டம்னு ஒண்ணாவது என்ற கைக்குக் கெடைச்சுதே.

உங்க ஹோம்ஸ்டேல பழைய ரூம்லயும் ஒரு அடுப்பு இருக்குதா? வர்றவங்க தொண்டை காயுதுங்கறாங்களா? காயத்தான் செய்யும். நீங்க கூஜா மாதிரி வாய் குறுகினது வெச்சிருப்பீங்க, அதுல ஆவியே வராது. வாய் அகலமான சட்டி வைக்கணும், மூடி போடக்கூடாது. காஞ்சுபோன சட்டியில பச்சத் தண்ணி ஊத்தி அடுப்பு மேல சிந்திராதீங்க, வார்ப்பிரும்பு வெடிச்சுரும், சுடுதண்ணியே ஊத்துங்க. நல்லாக் காஞ்ச காப்பிக் கட்டை, சின்னத் தீ. பெயிண்ட் அடிச்ச பழைய கதவையெல்லாம் உடைச்சுப் போடாதீங்க. ஜன்னலை ஒரு விரக்கடை தொறந்து வைங்க. அப்பவும் பத்தலீன்னா ஈரத்துண்டைக் கொடியில போடுங்க.

நான் துண்டு போட்டேன், போர்வை போட்டேன், அப்பறம் அவ சேலையையெல்லாம் நனைச்சுப் போட்டேன். ஏனுங் மாமா, இது வீடா வண்ணாந்துறையான்னு கேட்டா. ஹுணசூர்ப் புகையிலை குடோன்ல இருந்து ஒரு மீட்டர் வந்துச்சு, காத்துல எத்தனை ஈரம்னு முள்ளு காட்டும். அதைக் கட்டிலுக்கு எதுக்க மாட்டியிருக்கறேன். நாப்பதுக்குக் கீழயும் எறங்கக்கூடாது, அறுபதுக்கு மேலயும் போகக்கூடாது, போனாச் சுவத்துல பூசணம் புடிக்கும். நாள் பூரா அதையே பாத்துட்டு இருப்பா. முள்ளு எறங்குச்சுன்னா கட்டில் சட்டத்தைக் காலால தட்டுவா, நான் சுடுதண்ணிக் கொடத்தைத் தூக்கிட்டு ஓடுவேன். புகையிலைக்கு எம்புட்டு மரியாதை பாத்தீங்களா, நமக்கு இப்பத்தான் கெடைக்குதுன்னு சிரிப்பா.

அட, அதெப்படி விலை பேசுவேன்? விக்கவே இல்லீங்கறேன்.

பேசியாச்சா? யாரு கூடப் பேசுனீங்க?

பொம்பளைக் குரலா. மெதுவாவா. நடுவுல இருமினாங்களா?

இல்லீங்க, செந்தில்நாதன் இல்ல. டீயைக் குடிங்க, ஆறுது.

என்ன விலைக்கு முடிச்சா? அந்த விலைக்கா, நீங்களும் சரின்னுட்டீங்களா? நான் கேட்டிருந்தா அதுல பாதிதாங்க கேட்டிருப்பேன். கட்டில்ல படுத்துக்கிட்டே என்னைத் தாண்டிட்டா பாருங்க.

தண்ணிச் சட்டியையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொன்னாளா. மீட்டரு, கொடிக்கம்பி, எல்லாத்தையுமா. ஒண்ணை விட்டுட்டுப் போனாலும் என்ற வீட்டுக்காரரு அதைப் பாத்துக்கிட்டே சோறு திங்காம உக்காந்திருப்பாருன்னாளா.

எப்ப எடுக்கணும்னா? நீங்க இன்னைக்குச் சும்மா அளவெடுக்கத்தானே வந்தீங்க? சிவராத்திரி கழிச்சு வரச் சொன்னாளா. அது ஒண்ணுமில்லீங்க, சிவராத்திரியோட பனி போயிரும், வெயில் ஏறிடும், அதுக்குச் சொல்லியிருப்பா. அடுத்த மார்கழிக்கு வேணாங்களான்னு கேட்டீங்களா நீங்க? நல்ல மனுசன் சார். அதுக்கு என்ன சொன்னா?

இன்னொருக்காச் சொல்லுங்க.

அடுத்த மார்கழிக்கு இந்த வீட்டுல குளிருற ஆளு இருக்காதுன்னா.

அழுகலீங்க, இந்தத் தெருவுல புழுதி அதிகம். சிவராத்திரி வரைக்குந்தாங்கறது டாக்டர் சொன்ன கெடுங்க. ரூமுக்கு வெளிய கூப்பிட்டு எனக்கு மட்டும் சொன்னாரு, கதவு சாத்தித்தான் இருந்துச்சு. நான் அவகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடல. எல்லாம் சரியாயிரும் அம்மிணி, வைகாசியில ஹனூர்க் கோயில் நோம்பிக்குப் போலாம்னுதான் தெனமும் சொல்லிட்டிருக்கறேன். அவளும் ஆமாங் மாமா, புதுச்சேலை எடுக்கணும்கறா. நேத்துக்கூட என்ன கலரு எடுக்கலாம்னு கேட்டா.

சரி, எந்திரிங்க சார், மேல போலாம். வந்ததுக்கு அளவெடுத்துக்குங்க. ஃபேன் பாக்க வந்தவருன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க மட்டும் வாயைத் தொறக்காதீங்க, உங்க குரல் அவளுக்குத் தெரியும். அந்தக் கொடத்தை இப்படிக் குடுங்க. கட்டிலைத் தட்டறா பாருங்க, சட்டியில தண்ணி சுண்டிப்போச்சு.